குருந்தக்கல்: நம் மாவட்டத்து மண்ணில் கிடக்கும் கடினக் கல்
கிணறு வெட்டும்போதும் உழவின்போதும் கிடைக்கும் கற்களை அறிவது எப்படி?

எருமப்பட்டி சந்தையில் சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுத்துத் தீட்டி வாங்காத விவசாயி இருக்க முடியாது. சக்கரம் சுழல்கிறது, பொறி பறக்கிறது, மழுங்கிய அரிவாள் பதமாகி விடுகிறது. இரும்பையே தேய்க்கும் அந்தச் சக்கரத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் கேட்டதில்லை. இரும்பைவிடப் பன்மடங்கு கடினமான ஒரு கனிமத்தின் தூள்தான் அதில் இருக்கிறது. அந்தக் கனிமத்துக்குத் தமிழில் குருந்தம் அல்லது குருந்தக்கல் என்று பெயர். (காட்டோரம் வளரும் குருந்த மரம் வேறு, இது கல்.)

உலகெங்கும் நிலவியல் புத்தகங்களில் இக்கல்லுக்கு 'கொரண்டம்' என்று பெயர். அந்தப் பெயர் நமது 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்தே சென்றது. அந்தக் கல் அதிகமாகக் கிடைக்கும் இடங்களில் ஒன்று நமது நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சித்தம்பூண்டி. ஆகவே விவசாயப் பெருமக்கள் இதைப்பற்றி ஓரளவு தெரிந்து வைத்திருப்பது நல்லது. தெரியாததால் சிலர் கிடைத்த கல்லை வீணே எறிந்து விடுகின்றனர். வேறு சிலர் வெறும் கல்லை வைரம் என்று நம்பித் தரகர்களிடம் பணத்தையும் பத்திரத்தையும் இழக்கின்றனர்.

குருந்தக்கல் என்பது என்ன?

அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்து படிகமாக உறைந்ததே குருந்தக்கல். வேறு கலப்பு இல்லையென்றால் அது நிறமற்றது. அதில் சிறிதளவு குரோமியம் கலந்து, கல்லும் தெளிவாக இருந்தால் அதுவே மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சிறிதளவு கலந்து நீலமாக இருந்தால் அதுவே நீலக்கல். ஒளி ஊடுருவாமல், சாம்பல், பழுப்பு, மங்கிய இளஞ்சிவப்பு நிறங்களில் கிடைப்பது சாதாரணக் குருந்தக்கல். மண்ணில் கிடைப்பதில் மிகப்பெரும்பகுதி இந்தச் சாதாரண வகைதான். இதை விவசாயிகள் முதலில் மனதில் வைத்துக் கொள்ள வேண்டும்.

கனிமங்களின் கடினத்தை அளக்க 1812-ம் ஆண்டில் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு வரிசை வகுத்தார். அதில் மாக்கல் 1, வைரம் 10. நம் விரல் நகம் ஏறத்தாழ இரண்டரை, பேனாக்கத்தி ஐந்தரை, நிலமெங்கும் கிடக்கும் வெங்கச்சங்கல் 7. குருந்தக்கல்லுக்கு 9. இயற்கையில் சாதாரணமாகக் கிடைக்கும் கனிமங்களில் வைரத்துக்கு அடுத்த இடம் இதற்கே.

இக்கல் உருகுவதற்கு 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். அமிலங்கள் இதை எளிதில் கரைப்பதில்லை. அதனால்தான் சுற்றியுள்ள பாறை மக்கி மண்ணான பிறகும் குருந்தக்கல் மட்டும் மக்காமல் மண்ணில் தனியே கிடக்கிறது. மழை பெய்து மேல்மண் கரைந்தபின் சால் ஓரங்களில் இது தட்டுப்படுவதற்கும் இதுவே காரணம்.

சித்தம்பூண்டியின் சிறப்பு

நாமக்கல் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், பரமத்திவேலூர் பக்கம், சித்தம்பூண்டியைச் சுற்றி ஒரு தனிவகைப் பாறைத்தொடர் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. வெண்மையும் சாம்பலும் கலந்த அந்தப் பாறைக்கு 'அனார்த்தோசைட்' என்று பெயர். சுண்ணாம்புச் சத்தும் அலுமினியமும் மிகுந்த பெல்ஸ்பார் என்னும் கனிமம் அதில் நிறைந்துள்ளது. இடையிடையே கருநிறக் குரோமைட் அடுக்குகளும் உண்டு. இப்பாறைகள் உருவாகி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அலுமினியம் மிகுந்த பாறையாதலால் ஆழத்தின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அதில் குருந்தக்கல் விளைந்தது.

பழைய நூல்களில் இவ்விடம் சேலம் மாவட்டம் என்றே குறிப்பிடப்பட்டிருக்கும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ம் ஆண்டு ஜனவரியில்தான். ஐரோப்பிய அறிஞர்கள் தென்னிந்தியக் குருந்தக்கல்லை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கப்பலில் கொண்டு சென்று ஆராய்ந்தனர். 1798-ம் ஆண்டில் சார்ல்ஸ் கிரெவில் என்பவர் லண்டன் அரசக் கழகத்தின் வெளியீட்டில் இதுபற்றிக் கட்டுரை எழுதினார். 1802-ல் பூர்னோன் பிரபு இதன் படிக வடிவங்களை விரிவாக வர்ணித்தார். 1898-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காக ஹாலண்டு என்பவர் இந்தியாவின் குருந்தக்கல் பற்றித் தனி நூலே எழுதினார். 1956-ல் ஏ.பி.சுப்பிரமணியம் சித்தம்பூண்டிப் பாறைத்தொடரை முழுமையாக ஆராய்ந்து எழுதிய கட்டுரை இன்றும் மாணவர்களுக்கு வழிகாட்டியாக உள்ளது.

நம் சுற்றுவட்டாரத்தில் தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோடு, பாப்பாரப்பட்டிப் பகுதியிலும் குருந்தக்கல் உண்டு. எருமப்பட்டி வட்டாரம் மாவட்டத்தின் கிழக்கே, கொல்லிமலையின் அடிவாரப் பக்கம் இருக்கிறது. சித்தம்பூண்டிப் பாறைத்தொடர் மேற்கே இருக்கிறது. ஆகவே எருமப்பட்டிப் பக்கம் கிணற்றில் பளபளப்பான கல் கிடைத்தால் அது குருந்தக்கல்லாக இருக்கும் என்று எடுத்த எடுப்பில் நம்பிவிட வேண்டாம். சோதித்துப் பார்ப்பதே சரி.

சாணை முதல் அரிசி ஆலை வரை

நம் முன்னோர் குருந்தக்கல்லை இடித்துத் தூளாக்கி, அரக்கை உருக்கி அதில் கலந்து, வட்டமாக வார்த்துச் சாணைச் சக்கரம் செய்தனர். ஆயுதம் தீட்டவும், இரத்தினங்களுக்குப் பட்டை தீட்டவும் அச்சக்கரமே பயன்பட்டது. ஆலையும் மின்சாரமும் இல்லாத காலத்தில் இது ஓர் உயர்ந்த தொழில்நுட்பம்.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. 1891-ல் அமெரிக்காவில் அக்கிசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் மின்உலையில் சூடாக்கி மிகக் கடினமான ஒரு செயற்கைப் பொருளைக் கண்டார். கார்பன் என்பதோடு கொரண்டம் என்பதைச் சேர்த்து 'கார்போரண்டம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். கடையில் நாம் கேட்டு வாங்கும் கார்போரண்டம் கல்லின் பெயரிலும் நமது குருந்தம் ஒளிந்திருக்கிறது! அதன்பின் பாக்சைட் கல்லை மின்உலையில் உருக்கிச் செயற்கைக் குருந்தமே செய்யும் முறையும் வந்தது. தமிழ்நாட்டில் 1954-ல் முருகப்பா குழுமத்தினர் வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கினர்.

பாக்சைட் நமக்குப் புதியதல்ல. கண்ணெதிரே நிற்கும் கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. 1965-ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை 2008-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

இன்று மரவேலைக்கும் இரும்பு வேலைக்கும் பயன்படும் உப்புத்தாள், பட்டறையில் சுழலும் அரவைச் சக்கரம், அரிசி ஆலையில் தவிடு நீக்கித் தீட்டும் கற்கள், கைக்கடிகாரத்தின் உள்ளே அச்சு தாங்கும் சிறு சிவப்புக் கற்கள், மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கில் உள்ள வெள்ளைப் பீங்கான் ஆகிய பலவற்றிலும் குருந்தம் அல்லது அதே வகைக் கடினப் பொருள்கள் பயன்படுகின்றன. ஆனால் இவற்றில் இப்போது பெரும்பாலும் செயற்கைப் பொருளே சேர்க்கப்படுகிறது. செயற்கைப் பொருள் ஒரே தரமாக, வேண்டிய அளவில், தடையின்றிக் கிடைக்கிறது. மண்ணிலிருந்து பொறுக்கிய கல்லோ பலதரப்பட்டது. அதில் பிற பாறையும் ஒட்டிக் கொண்டிருக்கும். இதனால் இயற்கைக் குருந்தக்கல்லின் வாணிபம் சுருங்கிவிட்டது.

அடையாளம் காண்பது எப்படி?

வயலிலோ கிணற்றிலோ ஐயத்துக்கிடமான கல் கிடைத்தால் செலவில்லாமல் வீட்டிலேயே சில சோதனைகள் செய்து பார்க்கலாம்.

1. வடிவம்: குருந்தக்கல் பெரும்பாலும் ஆறு பக்கம் கொண்ட படிகமாக இருக்கும். சில, நடுவே பருத்து இரு முனையும் சிறுத்த பீப்பாய் போல் இருக்கும். சில, ஆறு மூலைத் தட்டையான வில்லை போல் இருக்கும். உருண்டையாக, பல முகங்களுடன், கருஞ்சிவப்பாக மாதுளை முத்துப்போல் இருப்பது பெரும்பாலும் கார்னெட் எனும் கல். இதை மாணிக்கம் என்று எண்ணி ஏமாறுவோர் பலர்.

2. காந்தம்: காந்தத்தில் பலமாக ஒட்டினால் அது இரும்புத்தாதுக் கல். கஞ்சமலைப் பக்கம் கிடைப்பது இதுவே. குருந்தக்கல் காந்தத்தில் அப்படி ஒட்டாது.

3. எடை: ஒட்டிய பாறையை நீக்கிய கல்லை நூலில் கட்டி, வில்தராசில் தொங்கவிட்டு நிறுக்கவும். பிறகு கல் முழுவதும் வாளித் தண்ணீரில் மூழ்குமாறு, ஆனால் அடியைத் தொடாதவாறு விட்டு மீண்டும் நிறுக்கவும். குறைந்த எடையால் முதல் எடையை வகுக்கவும். உதாரணமாக, வெளியே 400 கிராம், நீருக்குள் 300 கிராம் என்றால் குறைவு 100 கிராம். 400-ஐ 100-ஆல் வகுத்தால் 4. குருந்தக்கல்லுக்கு விடை 4-ஐ ஒட்டி வரும். வெங்கச்சங்கல்லுக்கு 2.65 வரும். கார்னெட்டுக்கும் 4-ஐ ஒட்டி வரக்கூடும் என்பதால் அடுத்த சோதனையும் அவசியம்.

4. கீறல்: நல்ல வெங்கச்சங்கல்லின் வழவழப்பான பக்கத்தில், ஐயத்துக்குரிய கல்லின் முனையால் அழுத்திக் கீறவும். ஈரத் துணியால் துடைத்துப் பார்க்கவும். துடைத்தபின் மறைந்தால் அது வெறும் தூள், கீறல் அல்ல. ஆழமாக, தெளிவாகக் கீறல் நின்றால் குருந்தக்கல்லாக இருக்க வாய்ப்புண்டு. கார்னெட் வெங்கச்சங்கல்லை அவ்வளவு எளிதில் கீறாது. கத்தியால் கல்லின் மேல் கீற முடிந்தால் அது குருந்தக்கல் அல்லவே அல்ல.

சம்மட்டியால் அடித்துச் சோதிக்கும் பழக்கம் வேண்டாம். கடினம் என்பது வேறு. உடையாமை என்பது வேறு. குருந்தக்கல்லும் அடித்தால் உடையும். சில்லு தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

காக்காப்பொன், வெங்கச்சங்கல், சுக்கான்கல் ஆகியவை எல்லா ஊர்களிலும் கிடைப்பவை. நான்கு சோதனையிலும் தேறிய கல்லை மட்டும் மேற்கொண்டு காட்டினால் போதும். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் புவியியல் மற்றும் சுரங்கத்துறையின் அலுவலகம் இயங்குகிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறையும் உள்ளது. கல் எடுத்த சர்வே எண், எத்தனை அடி ஆழம், எந்த மண் என்ற விவரங்களைத் தாளில் குறித்து உடன் கொண்டு செல்லவும்.

நிலவுக்கு உதவிய நாமக்கல் மண்

சித்தம்பூண்டிப் பாறைக்கு அண்மையில் ஒரு புதுப் பெருமை சேர்ந்துள்ளது. நிலவின் மேட்டு நிலங்கள் பெரிதும் அனார்த்தோசைட் பாறையால் ஆனவை. சந்திரயான் விண்கலத்தின் தரையிறங்கும் கருவியையும் ஊர்தியையும் பூமியிலேயே சோதிக்க, நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் பாறையை நொறுக்கி அந்த மண் தயாரிக்கப்பட்டது. பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் இதில் பங்கு கொண்டனர். 2012 முதல் ஏறத்தாழ 50 டன் இவ்வாறு இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்றது. செயற்கை நிலவு மண் தயாரிக்கும் முறைக்கு அந்நிறுவனம் காப்புரிமையும் பெற்றுள்ளது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நம் மாவட்டத்துக் கல்லுக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது.

பெருமைதான். ஆனால் 50 டன் என்பது சில லாரிச் சுமைகளே. இதை நம்பி ஒரு தொழில் வளர்ந்துவிடாது என்பதையும் கூறத்தான் வேண்டும்.

எதிர்கால வாய்ப்பு எவ்வளவு?

சித்தம்பூண்டியில் உள்ள குரோமைட்டில் இரும்பும் அலுமினியமும் அதிகம், குரோமியம் குறைவு. எனவே உலோகத் தொழிலுக்கு அது உயர்ந்த தரமல்ல. அதே அடுக்குகளில் பிளாட்டினம், பல்லேடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் கலந்துள்ளனவா என்று இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து வந்துள்ளது. இவ்வகை உலோகம் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் என்ற அளவில்தான் கணக்கிடப்படும். கையால் பொறுக்கி எடுக்கக் கூடியதல்ல. உலோகம் இருக்கிறது என்பது ஒரு செய்தி. வெட்டி எடுத்தால் செலவு போக மிஞ்சுமா என்பது வேறு கணக்கு. நிலக்கடலையில் எண்ணெய் இருந்தாலும் ஆட்டுக் கூலிக்குக் கட்டுபடியானால்தானே செக்குக்கு எடுத்துச் செல்வோம்!

இரத்தினத் தரமுள்ள தெளிவான குருந்தக்கல் கிடைத்தால் அதற்கு விலை உண்டு. ஆனால் அது அரிது. திருச்சி வட்டாரத்தில் கல் பட்டை தீட்டும் குடிசைத்தொழில் நடந்தாலும், அங்கே பெரிதும் தீட்டப்படுவது செயற்கைக் கற்களே.

ஒன்றைத் திட்டமாகச் சொல்லலாம். குருந்தக்கல் பயிருக்கு உரமல்ல. அதைப் பொடித்து வயலில் இட்டால் எந்தச் சத்தும் கரைந்து வராது. 'கனிம உரம்' என்று சொல்லி யாராவது கல்தூள் விற்க வந்தால், பகுப்பாய்வுச் சான்றைக் கேட்டு, வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டிய பிறகே வாங்கவும்.

சட்டம் சொல்வது என்ன?

'என் பட்டா நிலம், என் கல், நான் விற்றால் யார் கேட்பது?' என்று சிலர் எண்ணலாம். இங்கே கவனம் தேவை. 2013-ல் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், நிலத்தடிக் கனிமத்தின் உடைமை நிலச்சொந்தக்காரருக்கு இருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் உடைமை இருந்தாலும் உரிமம் இன்றிக் கனிமத்தை வெட்டி எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. 1957-ம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி, அனுமதியின்றி வெட்டினால் 5 ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

2015-ம் ஆண்டு பிப்ரவரியில் குருந்தக்கல் சிறுகனிமமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே அதன் உரிமம் மாநில அரசின் பொறுப்பு. சிறுகனிமக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்பது 2012-ம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வண்டியில் ஏற்றிச் செல்ல நடைச்சீட்டு வேண்டும். பிளாட்டினக் குழு உலோகங்களோ 2023-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி முக்கியக் கனிமப் பட்டியலில் உள்ளன. அவற்றின் குத்தகையை மத்திய அரசே ஏலம் விடும். அவ்வாறு குத்தகை எடுத்தவர், மேல்நிலத்துக்கும் பயிருக்கும் ஏற்படும் சேதத்துக்கு நிலத்தை அனுபவிப்பவருக்கு இழப்பீடு தரவேண்டும்.

தரகர் வந்தால் செய்ய வேண்டியவை

இந்த வட்டாரத்து நிலமெல்லாம் பெரும்பாலும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்ற அளவில் உள்ளவை. சின்ன வெங்காயமும் மரவள்ளியும் கடலையும் கொடுப்பதே குடும்பத்தின் வருமானம். விலை வீழ்ந்த ஆண்டில் கடன் நெருக்கும்போது, 'உங்கள் நிலத்தடியில் கோடிக்கணக்கில் கனிமம்' என்றோ, 'இந்தக் கல்லுக்காக நிலத்தைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறோம்' என்றோ ஒருவர் வந்து நின்றால் மனம் சபலப்படுவது இயற்கை. அப்போது கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கவும்.

* வெற்றுத்தாளிலோ, படித்துப் பார்க்காத பத்திரத்திலோ கையெழுத்திட வேண்டாம். பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கவே வேண்டாம்.

* பட்டா, மூலப்பத்திரம் ஆகியவற்றின் அசலை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

* 'சோதனைச் செலவு', 'உரிமச் செலவு' என்று முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திக் கொள்ளவும்.

* அரசுத் துறையிலிருந்து வருவதாகச் சொன்னால் அடையாள அட்டையைப் பார்த்து, கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரிக்கவும்.

* உண்மையாகவே குவாரி வருவதாக இருந்தால் விலையை மட்டும் பேச வேண்டாம். பள்ளம் எத்தனை அடி? பக்கத்துக் கிணறுகளின் ஊற்று என்னாகும்? தூசியை எப்படி அடக்குவார்கள்? முடிந்தபின் குழியை மூடுவது யார்? இவற்றை எழுத்தில் கேட்கவும்.

* அக்கம்பக்கத்து விவசாயிகளைக் கலந்து கொள்ளாமல் தனியே உடன்படிக்கை செய்ய வேண்டாம். ஒருவர் நிலத்தில் விழும் பள்ளம் பத்துப்பேர் கிணற்றைப் பாதிக்கக் கூடும்.

குருந்தக்கல் நம் மண்ணின் பழைய செல்வம். உலகத்துக்குப் பெயரையும், நிலவுப் பயணத்துக்குப் பாறையையும் இந்த மாவட்டம் கொடுத்திருக்கிறது. அதை அறிந்து பெருமைப்படலாம். கிடைத்த கல்லைச் சோதித்துப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்கலாம். ஆனால் கல் 250 கோடி ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது; இன்னும் சில மாதம் காத்திருந்தால் ஓடிப்போய்விடாது. கைமாறிய நிலமோ திரும்பாது. ஆகவே முறையாக விசாரித்து முடிவு தெரியும் வரை, அரிவாளைச் சாணை பிடித்து வைத்துக்கொண்டு அறுவடையைக் கவனிப்பதே புத்திசாலித்தனம்.